பழம்படகுக்குப் புதுத்தட்டு

1959ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரத்துப் படகுக் கண்காட்சியில், ரோட் ஐலண்டு மாநிலத்தைச் சேர்ந்த கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்னும் பங்காளிகள் இருவர், கார்ல் ஆல்பெர்க் என்ற படகுச் சிற்பி வரைந்துகொடுத்த திட்டப்படி ஃபைபர் கிளாஸால் வார்த்தெடுத்த 28 அடிப் பாய்மரப் படகொன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு டிரைட்டன் என்று பெயரும் சூட்டியபோது, மரத்தச்சனின் உளிக்கும் வாய்ச்சிக்கும் இனிக் கடற்கரையில் வேலையில்லை என்று கருதியவர்கள் பலர். மரம் உளுத்துப்போகும், கண்ணாடி உளுக்குமோ என்பது அவர்களுடைய தர்க்கம். எழுநூறுக்கும் மேற்பட்ட டிரைட்டன்கள் கட்டப்பட்டன; அவற்றுள் பல அறுபது வருஷங்களைக் கடந்தும் இன்று கடலில் ஓடுகின்றன. ஆனால், அவற்றின் மேல்தட்டில் ஏறி நடப்பவர், பாய்மரத்தின் அடியிலோ கைப்பிடிக் கம்பியின் ஓரத்திலோ கால் வைக்கும்போது, ஈரக் களிமண் தரையில் மிதித்தாற்போல் பாதம் மெல்ல அமிழ்வதை உணர்ந்து திடுக்கிடுவதுண்டு. கண்ணாடி உளுக்கவில்லை, கண்ணாடிக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த மரமே உளுத்தது.

இந்த மரம் அங்கே எதற்காக வந்தது என்பதை அறிந்துகொள்ளாமல், அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று ஆராய்வது வீண் பிரயாசை. படகின் அடிப்பகுதி வளைந்த உருவம் உடையது. வளைவே அதற்கு விறைப்பைத் தருவதால், கண்ணாடி நாரும் ரெசினும் கலந்த ஒற்றைத் தகடாகவே அதை வார்த்துவிடலாம். மேல்தட்டோ ஏறக்குறையச் சமதளமானது. அதன்மேல் ஆட்கள் நடப்பார்கள், குதிப்பார்கள், நங்கூரத்தைப் போடுவார்கள். ஒற்றைத் தகடாக அதை விறைப்பாக்க வேண்டுமானால் கனத்தைக் கூட்டவேண்டும். கனம் கூடினால் எடை கூடும். உயரத்தில் எடை கூடிய படகு காற்றடித்தால் சாயும். தகடொன்றின் கனத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது என்பது பொறியியல் மாணாக்கன் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். ஆகவே, மெல்லிய கண்ணாடிப் படலங்கள் இரண்டை மேலும் கீழுமாக வைத்து, இலேசான பொருளொன்றை நடுவில் ஒட்டி, கனத்தை வாங்கிக்கொண்டு எடையைத் தவிர்க்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். மேற்படலம் அமுக்கத்தையும் கீழ்ப்படலம் இழுவையையும் தாங்க, அவ்விரண்டும் ஒன்றின்மேலொன்று வழுக்காமல் பிடித்து வைத்திருப்பதே நடுப்பொருளின் கடமை. ஒட்டு விட்டுப்போனாலும், நடுப்பொருள் கூழாகிப்போனாலும், மிஞ்சுவது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு மெல்லிய தகடுகள்தாம்.

எடையின் வேற்றுமை எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் காட்டிவிடலாம். பத்துச் சதுர மீட்டர் பரப்பும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனமும் உள்ள நடுப்பகுதியை முழுக்கக் கண்ணாடி நார்த் தகடாகவே நிரப்பினால் அதன் எடை ஏறத்தாழ 200 கிலோ. தேக்காக இருந்தால் 80. ஒக்கூமே என்னும் ஆப்பிரிக்க மரத்தாலான கடல்தரப் பிளைவுட்டாக இருந்தால் 56. பால்சா மரமாக இருந்தால் 19. நுரைப்பலகையாக இருந்தால் 10. 19க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறுவனின் பள்ளிக்கூடப் பையளவுதான் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு உதவும்.

எந்த இடம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை, சந்தையில் புதுப்பானை வாங்கும் கிழவி கையாளும் முறையேதான். பிளாஸ்டிக் தலையுள்ள சிறு சுத்தியலோ, திருப்புளியின் மரக்கைப்பிடியோ போதும். காலைவேளையில், சத்தமில்லாத நேரத்தில், தட்டின்மேல் முழந்தாளிட்டுக்கொண்டு இரண்டங்குலத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் ‘டக், டக்’ என்று கணீரெனப் பதில் சொல்லும். ஒட்டு விட்ட இடம் வெறும் டப்பாவைப் போல் அதிரும். நனைந்து உளுத்த இடமோ, ஈரத்துணி போர்த்திய உரலைத் தட்டியதுபோல், ‘தொப்’பென்று ஒலியை விழுங்கிவிடும். அவ்விடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டே போனால், வரைபடத்தில் தீவுகள் போலக் கறைகள் தோன்றும். அத்தீவுகள் ஒவ்வொன்றின் மையத்திலும் தவறாமல் ஒரு பொருள் நிற்பதை அப்போது காணலாம்: கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் முளையின் அடி, கயிறு கட்டும் கொண்டி, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் தகடு, ஜன்னலின் சட்டம். இதுவே இந்த ஆராய்ச்சி முழுவதற்கும் திறவுகோல். தட்டு தானாக நனைவதில்லை. நாம் போட்ட துளை வழியாகவே நனைகிறது.

கீழிருந்து ஒரு சிறு துளையிட்டுப் பார்த்தால் சந்தேகமும் தீரும். துரப்பணத்தின் பல்லில் வெளிர்மஞ்சள் நிறத்தில் உலர்ந்த தூள் சுற்றிவந்தால் மகிழ்ச்சி. காப்பிப்பொடியைப் போன்ற ஈரச் சக்கை வந்து, விரலிடுக்கில் பிழிந்தால் பழுப்புநீர் சொட்டுமானால், மேற்படலத்தை அறுத்தெடுப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதை அண்டாது. நூற்றுக்கு முப்பதை நெருங்கிவிட்டால் அதற்கு விருந்து.

இனிப் பொருள்களைப் பார்ப்போம். பால்சா தென்னமெரிக்க மரம். உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதியை ஈக்வடார் நாடே அனுப்புகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும் அதிவேக வளர்ச்சி உடையது. 1947இல் தோர் ஹையர்டால் ‘கோன்-டிக்கி’ என்னும் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து பசிபிக் தீவுகளுக்கு 101 நாளில் மிதந்து சேர்ந்தது இந்த மரத்தின்மேல்தான். காய்ந்த பால்சா விரைவில் நீர் குடித்து அமிழ்ந்துவிடும் என்று பலர் எச்சரித்திருந்தார்கள். அவர் வெட்டிச் சேர்த்தவையோ சாறு வடியாத பச்சைக் கட்டைகள். அந்தச் சாறே கடல்நீரை உள்ளே விடாமல் தடுத்தது. படகுத் தட்டில் இம்மரத்தைப் பலகையாக வைப்பதில்லை. கரும்பைத் துண்டு போடுவதுபோல் குறுக்கே அறுத்து, நார்கள் செங்குத்தாக நிற்கும்படி சிறு சதுரக் கட்டைகளாக்கி வைக்கிறார்கள். செங்குத்தாக நிற்கும் நார், தூண்வரிசை போல் நின்று நசுக்கும் விசையைத் தாங்குகிறது. கன மீட்டருக்கு 150 கிலோ அடர்த்தியுள்ள பால்சா, 80 கிலோ அடர்த்தியுள்ள நல்ல நுரைப்பலகையைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கு மேல் நசுக்கத்தைப் பொறுக்கும்.

அப்படியானால் பழைய படகுகளில் அது ஏன் உளுத்தது? இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பால்சாவைத் திட்டுவோர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. மரத்தில் நீர் நாரின் வழியே விரைந்து ஓடும். நாருக்குக் குறுக்கே மிக மெதுவாகவே பரவும். செங்குத்தாக நார் நிற்கும் கட்டையில் மேலிருந்து நுழைந்த நீர் கீழ்ப்படலம் வரையில் இறங்கி, அங்கேயே நின்றுவிட வேண்டும். பக்கவாட்டில் பத்தடி தூரம் பயணம் செய்ய அதற்கு வழியில்லை. ஆனால், வளைவுகளுக்கு இசைந்துகொடுப்பதற்காகச் சிறு கட்டைகளை மெல்லிய வலைத்துணியில் ஒட்டி விற்கிறார்களே, அந்தக் கட்டைகளுக்கு நடுவிலுள்ள பிளவுகளில் ரெசின் புகாமல் விட்டுவிட்டால், அவை வயல் நடுவே ஓடும் வாய்க்கால்களாகி, ஒரு மடையில் திறந்த நீரைப் படகு முழுவதற்கும் பாய்ச்சிவிடுகின்றன. வேகமாக உற்பத்தி செய்த நாளில் அந்த வாய்க்கால்கள் அடைபடாமலே போயின. மரத்தின் குற்றமன்று, வாய்க்காலை அடைக்காத கையின் குற்றம்.

இதே நியாயத்தால் பிளைவுட்டின் குறையும் விளங்கும். அதில் நார்கள் படுத்துக் கிடக்கின்றன. ஆகவே, ஒரு திருகாணித் துளையில் இறங்கிய நீர் ஏட்டுக்கு ஏடு படுக்கையாகவே ஓடும். பிளைவுட்டுக்கு நன்மையும் உண்டு: திருகாணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், எங்கும் கிடைக்கும், எவருக்கும் அறுக்கத் தெரியும். ஆனால் கடைக்காரர் ‘மெரைன்’ என்று சொல்லுவதெல்லாம் கடலுக்கு ஏற்றதாகிவிடாது. இந்தியாவில் ஐ.எஸ். 710 என்ற முத்திரையும், ஐரோப்பியச் சரக்கில் பி.எஸ். 1088 என்ற முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, ஒரு துண்டை வெந்நீரில் நெடுநேரம் கொதிக்கவிட்டு ஏடு பிரிகிறதா என்று சோதிப்பது உத்தமம். பாய்மரத்தின் அடி போன்ற பாரம் மிகுந்த சில இடங்களுக்கு மட்டும் அதை ஏற்கலாம். தட்டு முழுவதற்கும் வேண்டாம்.

நுரைப்பலகை இன்று பலரின் முதல் தேர்வாக இருக்கிறது. காரணமும் தெளிவு: அது உளுக்காது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை நுரையாக்கி விளைவித்த இந்தப் பலகையில் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருப்பதால் நீர் பரவுவதில்லை. ஆயினும் எச்சரிக்கைகள் இரண்டு உண்டு. முதலாவது, நுரை என்ற பெயருடைய எல்லாம் ஒன்றாகா. தெர்மாகோலை வைத்துப் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றியவர், கற்பூரம் கரைவதுபோல் அது கண்ணெதிரே மறைவதைக் காண்பார். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஊற்றும் யூரிதேன் நுரையோ காலடியில் பொடிந்து மாவாகும். இரண்டாவது, வெப்பம். கருநிறம் பூசிய தட்டு உஷ்ணப் பிரதேசத்து வெயிலில் 70 பாகைக்கு மேலும் சுடக்கூடும். அந்தச் சூட்டில் பி.வி.சி. நுரை தன் விறைப்பில் ஒரு பங்கை இழந்து தளரத் தொடங்குகிறது. குளிர்நாட்டு ஏரியில் ஓடும் படகுக்கும் நம் கடலில் நிற்கும் படகுக்கும் ஒரே யோசனை பொருந்தாது என்பதை, மேல்நாட்டு நூல்களை மட்டும் படித்துவிட்டு வேலையில் இறங்குவோர் நினைப்பதில்லை. தேன்கூட்டு அமைப்பில் வரும் பிளாஸ்டிக் பலகையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை: படலம் ஒட்டுவதற்கு அதில் விளிம்புகளே உண்டு, கைவேலையில் அது நம்பத்தக்கதன்று.

தேக்கைப் பற்றிப் பேசாமல் போனால் வாசகர் மன்னிக்கமாட்டார். தேக்கு என்னும் நம் தென்னாட்டுச் சொல்லே போர்த்துக்கீசியர் நாவில் ‘தேக்கா’வாகி, ஆங்கிலத்தில் ‘டீக்’காகி, தாவரவியலாரின் லத்தீன் பெயரில் ‘டெக்டோனா’வாகி உலகமெங்கும் சென்றது. எண்ணெய்ப்பசை உடையது, உப்புநீருக்கு அஞ்சாதது, வெறுங்காலுக்கு வழுக்காதது, கண்ணுக்கு அழகு. இத்தனை குணங்களையும் கண்டு மயங்கி, 1970களிலும் 80களிலும் ஃபைபர் கிளாஸ் தட்டின்மேல் தேக்குப் பட்டைகளை வரிவரியாக அடுக்கித் திருகாணியால் முடுக்கினார்கள். அழகு வேண்டி அடித்த ஒவ்வொரு திருகாணியும் மேற்படலத்தைத் துளைத்துக்கொண்டு பால்சாவுக்குள் போயிற்று; சிறு படகில் நூற்றுக்கணக்கில், பெரிய படகில் ஆயிரக்கணக்கில். துளையில்லாத கூரையைக் கட்டிவிட்டு, அதன்மேல் சல்லடையைப் போர்த்தியது போலாயிற்று. பர்மாத் தேக்குக்கு இன்று வேறொரு தடையும் உண்டு: 2014இல் அந்நாடு உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது, 2021இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அங்குள்ள அரசாங்க மரவாரியத்தின்மீது பொருளாதாரத் தடை விதித்தன. பழைய தேக்குத் தட்டைப் பெயர்த்துவிட்டு, அதே பட்டைகளைத் திருகாணியின்றிப் பசையால் ஒட்டுவோர் உண்டு, அது முடியும். ஆனால் கனமும் வெயிற்சூடும் அப்படியே இருக்கும். என் அபிப்பிராயத்தில், தேக்கை மேஜைக்கும் ஏணிப்படிக்கும் வைத்துக்கொண்டு, தட்டில் மணல் தூவிய வெள்ளைப் பூச்சால் வழுக்கலைத் தடுப்பதே விவேகம்.

நடுப்பொருளைப் பற்றி நடக்கும் சர்ச்சையில் பாதியளவுகூட ஒட்டும் பொருளைப் பற்றி நடப்பதில்லை என்பது விசித்திரம். டிரைட்டன் முதலிய படகுகள் பாலியெஸ்டர் ரெசினால் ஆனவை. புதுவார்ப்பில் அது சிக்கனமானது. பல நாள் இறுகிவிட்ட பழைய தகட்டின்மேல் அது இரசாயனப் பிணைப்பாக ஒட்டுவதில்லை, சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இறுகும்போது சுருங்கவும் செய்கிறது. எபாக்ஸி என்னும் மற்றொரு ரெசின் அதைவிடப் பலமடங்கு உறுதியாகப் பற்றும், மிகச் சொற்பமாகவே சுருங்கும். விலைதான் சில மடங்கு அதிகம். பழுதுபார்ப்பில் நான் எபாக்ஸியின் பக்கம். எபாக்ஸிக்குப் பாலியெஸ்டருக்கென்று செய்த நறுக்குநார் விரிப்பை வாங்கிவிடக் கூடாது. அதன் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரைவதற்காக அமைந்தது, எபாக்ஸியில் கரையாது. இருதிசையிலும் தைத்த கண்ணாடித் துணியே அதற்குத் துணை. வேலை முடிந்த எபாக்ஸியின்மேல் எண்ணெய் போல் படியும் மெழுக்கைத் தண்ணீரும் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சைப் போடுவோரின் வேலை, கையால் உரித்தாலே உரிந்துவரும்.

அறுத்தெடுத்த மேற்படலத்தைத் திரும்ப வைக்கும்போது ஓரங்களைச் செதுக்குவதில் கஞ்சத்தனம் கூடாது. படலத்தின் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் செதுக்க வேண்டும் என்பது வழக்கம்: மூன்று மில்லிமீட்டர்ப் படலத்துக்கு 36 மில்லிமீட்டர். கீழிருந்து, அறைக்குள் மல்லாந்து படுத்து வேலை செய்தால் மேலேயுள்ள பூச்சும் வழுக்குத்தடுப்பு வரிகளும் குலையாமல் தப்பும் என்று சிலர் ஆசைகாட்டுவார்கள். ரெசின் முகத்தில் சொட்டும். நனைத்த துணி கீழே தொங்கும். ஒட்டு முழுமையாகப் பற்றியதா என்று அறிய வழியும் இராது. சிறு துளைகளிட்டு நீர்த்த எபாக்ஸியை ஊசியால் செலுத்திவிட்டால் போதும் என்பது இன்னொரு குறுக்குவழி. ஒட்டுமட்டும் விட்டு, உலர்ந்திருக்கும் சிறு இடத்துக்கு அது உதவும். நனைந்த சக்கைக்கு உதவாது.

இனித் தீர்ப்பு. தட்டின் பெரும்பரப்புக்குச் செங்குத்து நார் உடைய பால்சாவையே மறுபடியும் வைக்கலாம் என்பதே என் முடிவு. கீழ்ப்படலத்தில் எபாக்ஸிக் குழம்பைப் பரப்பி, கட்டைகளை அதில் அமுக்கி, பிளவுகள் ஒவ்வொன்றிலும் குழம்பு பிதுங்கி மேலே எட்டிப்பார்க்கும்வரை நிரப்பிவிட்டால், பழைய வாய்க்கால்கள் இனி இல்லை. ஒன்பது கிலோ இலாபத்துக்காக வெயிலில் தளரும் நுரையை நாட வேண்டிய அவசியம் உஷ்ணப் பிரதேசத்தில் இல்லை. 2020ஐ ஒட்டிச் சீனாவின் காற்றாலைகளுக்காகப் பால்சா விலை ஏறியதுபோல் ஏறினால், அப்போது நுரைக்குப் போகட்டும். துளை வரும் இடங்களில் மட்டும் பால்சாவும் கூடாது, நுரையும் கூடாது. அங்கே முழுக்கக் கண்ணாடித் தகடு. இடம் தெரியாமற்போய்ப் பின்னால் துளையிட நேர்ந்தால், எட்டு மில்லிமீட்டர்ப் போல்ட்டுக்கு இருபது மில்லிமீட்டர்த் துளையாக மேற்படலத்தையும் நடுப்பொருளையும் அகழ்ந்து, சிலிக்காப் பொடி கலந்த எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே எட்டு மில்லிமீட்டர் துளைப்பது முறை. அப்போது நீர் கசிந்தாலும் அறைக்குள் சொட்டுமே தவிர, நடுவிலுள்ள மரத்தைத் தொடாது. சொட்டுகிற நீர் கண்ணில் படும். கண்ணில் பட்டால் அடைத்துவிடலாம்.

நம் கடற்கரைக்கும் இக்கேள்வி வந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் அரசாங்கத்தாரும் தொண்டு நிறுவனத்தாரும் ஆயிரக்கணக்கில் வழங்கிய ஃபைபர் படகுகள் இருபது வயதைக் கடந்துவிட்டன; அவை ஒற்றைத் தகட்டுப் படகுகள்தாம் என்றாலும், எஞ்சினைத் தாங்கும் இடத்திலும் தட்டின் குறுக்குக் கட்டைகளிலும் பலவற்றில் ரெசின் போர்த்திய மரமே உள்ளே இருக்கிறது. அங்கும் துளையின் வழியேதான் நீர் இறங்கும். அங்கும் சுத்தியலின் கைப்பிடியே முதல் கருவி.

புதுத்தட்டு போட்டு முடித்தவர், அறையின் உள்முகட்டுப் பலகைகளை உடனே பொருத்திவிட வேண்டாம். ஓர் ஐப்பசி, கார்த்திகை மழை தட்டின்மேல் பெய்து முடியட்டும். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே படுத்து, ஒவ்வொரு போல்ட்டின் கீழும் விரல் வைத்துப் பாருங்கள்.